லீக்ஸ் கிண்டிய தை மாதம்

7 ஜனவரி 1985, திங்கள்
எங்கள் அறை இருக்கும் லா சப்பலிலிருந்து ஆர்ஜொந்தெய் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. ரயில் நின்று நின்றுதான் வந்தது. மண் உறைந்து சீமெந்தாக இறுகிக் கிடக்கிறது. முதலாளி ழான்-லூக் இரும்பு அலவாங்கால் குத்தி ஒவ்வொரு லீக்ஸ் தண்டாகக் கிளப்ப, அவர் மனைவி செசிலும் நானும் உரித்துக் கட்டினோம். விரல்கள் என்னுடையவை போலவே இல்லை.

8 ஜனவரி
ழான்-லூக் ஐஸில் வழுக்கி விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிவு. அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது. செசில் அழவில்லை; தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குளிர் விட்டு மண் இளகினால் உறைந்த லீக்ஸ் எல்லாம் அழுகிப்போகும். அதுதான் அவர்களுடைய முழு வருடத்து உழைப்பு. என்ர வேலையும் — சீ, பூரணி, இப்ப அதையே யோசிக்கிறது?

9 ஜனவரி
தோட்டத்துப் படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தெரு நீளத்துக்கு ட்ரக்டர்கள். சுற்றுத் தோட்டக்காரர் எல்லாரும், மனைவிமாரும்கூட, ழான்-லூக்கின் நிலத்தைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லையாம். அவர்களுடைய லீக்ஸும் இதே மண்ணுக்குள்தானே கிடக்கிறது! பக்கத்துத் தோட்டத்து மொர்வான் கிழவரிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்: “உங்கள் தோட்டம்?”
மீசையில் ஐஸோடு நிமிர்ந்தார். “இது பள்ளமான காணி. முதலில் அழுகப்போவது இதுதான்.”
அவ்வளவுதான் காரணம். திரும்பவும் குனிந்துவிட்டார்.

11 ஜனவரி
பாதிகூட முடியவில்லை. மேல்மாடி இம்மாகுலேற் அக்காவிடம் படியில் நின்று சொன்னேன். தனியாக இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவர்.
“ஞாயிறு பூசை முடிய நான் வாறன்.”
“அக்கா, உங்களுக்கு அவையைத் தெரியாதே.”
“உனக்குத் தெரியும்தானே. எனக்கு அது காணும்.”
என் மனுசன் உள்ளேயிருந்து, “ரெண்டு பேரும் விறைச்சுச் சாகப்போறியள்” என்று கத்தினார். பிறகு தன் கையுறையைத் தேடத் தொடங்கினார்.

13 ஜனவரி, ஞாயிறு
இதை எப்படி எழுதுவது? அக்கா பூசையில் யாரிடம் என்ன சொன்னாவோ, ஒரு ரயில் பெட்டி நிறைய எங்கடை ஆட்கள். கடைச் சமையல்காரர் பொன்னம்பலம் அண்ணை ஒரு பெரிய பானை மல்லித்தண்ணியைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். முதலில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மொர்வான் தன் அலவாங்கை என் மனுசனிடம் நீட்டினார். அவர்கள் குத்த நாங்கள் இழுத்தோம். நாங்கள் குத்த அவர்கள் இழுத்தார்கள். மல்லித்தண்ணியைக் குடித்து முகம் சிவந்தவர்கள் இன்னும் கேட்டார்கள். இருட்டுமுன் கடைசி வரிசையும் முடிந்தது. வெறும் கறுத்த மண். செசில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் வந்தபோதுதான் அழுதார்.

14 ஜனவரி
பொங்கல். பொங்கவில்லை, கை மடங்கவில்லை. சூரியனைக் கும்பிட்டதோடு சரி.

20 ஜனவரி
குளிர் விட்டது. விட்டதும், உறைந்திருந்த தண்ணீர்க் குழாய் அக்காவின் அறைக்கு மேலே வெடித்து, கூரைச்சாந்து முழுவதும் கட்டிலில் விழுந்துகிடக்கிறது. மாதாவின் புண்ணியத்தில் அவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம். அறை முழுக்கத் தண்ணீர். இரவு அக்காவும் பிள்ளைகளும் எங்களோடு. இந்த ஓர் அறைக்குள் எத்தனை நாளைக்கு?

21 ஜனவரி
செசிலிடம் சொன்னேன். சொல்லத்தான் சொன்னேன், ஒன்றும் கேட்கவில்லை.

22 ஜனவரி
மொர்வானின் லொறி எங்கள் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் கார்கள் எல்லாம் ஹோர்ன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. நனைந்த மெத்தையைத் தோளில் வைத்துப் படியிறங்கினார். “எங்கள் மேலறை சும்மாதான் கிடக்கிறது” என்றார் செசில், அக்காவின் சின்னவளைத் தூக்கிக்கொண்டு. அக்கா என்னைப் பார்த்து, “நான் என்னத்தைச் செய்துபோட்டனெண்டு இது?” என்றா. உலகத்தில் இப்படியும் இருக்கிறது, அவ்வளவுதான்.

9 மார்ச், சனி
அக்கா இன்னும் அங்கேதான். செசிலோடு நாற்றுமேடையில் லீக்ஸ் விதை போடுகிறா. ழான்-லூக் ஊன்றுகோலில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, “ஓம், ஓம், தெரியும்” என்று தமிழிலேயே பதில் சொல்கிறா. திங்களும் வேலைக்கு வரட்டுமா என்று நான் பிரெஞ்சில் கேட்டேன்.
“ஓம்” என்றார் ழான்-லூக்.