யானையின் மேல் ஒரு மீசை

இன்று நூலக வகுப்பில் என் புத்தகத்தின் மேல் ஒரு துண்டு மீசை விழுந்தது. எங்கள் பள்ளித் தாளாளரின் மீசை. சுவர்ப் படத்திலிருந்து உரிந்த, நகமளவு கறுப்பு எனாமல் பெயிண்ட். அதைக் கையில் எடுத்ததும் உங்களுக்கு எழுதத் தோன்றியது, சிங் ஐயா. நீங்கள் இறந்து ஏழு மாதமாகிறது.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இந்த நூலகச் சுவரில் வரைய வந்தீர்கள். அமிர்தசரஸ் பக்கம் குருத்வாரா சுவர்களில் உங்கள் அப்பாவோடு வரைந்து பழகிய கை. கோவையில் மகனின் லாரி உதிரிபாகக் கடைக்கு மேலே குடியிருந்து, எங்களைவிடக் கொங்குத் தமிழ் பேசினீர்கள். அன்றன்று வரைந்து முடிக்கும் அளவுக்குத்தான் சுண்ணாம்புச் சாந்து பூசுவீர்கள். ஈரம் இருக்கும்போதே நிறம் வைத்து, வழவழப்பான கல்லால் தேய்ப்பீர்கள். கையிலிருந்த இரும்பு வளையம் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும். கொடிகள், கிளிகள், நடுவில் வாழைத்தார் தின்னும் யானை.

"அங்க வரைஞ்சதெல்லாம் ராஜா ஊட்டு யானைங்க கண்ணு. இது தொண்டாமுத்தூர்ல தோட்டத்துக்குள்ள பூந்தது" என்றீர்கள்.

கடைசி நாள் தாளாளர் வந்தார். நூலகத்துக்குள் அவரை நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"ஏனுங்க சிங்கு, யானைக்கு மேல எடம் சும்மா கெடக்குதே. நம்ம மொகத்தப் போட்டு உடுங்க."

"அது ஆகாயமுங்க."

"அங்கதான் போடுங்கறேன்."

"நேத்தே காஞ்சுபோச்சுங்க. காஞ்ச சுண்ணாம்பு யாரையும் ஏத்துக்காதுங்க."

"தாளாளரா இருந்தாலுமா?"

"சுண்ணாம்புக்குத் தெரியாதுங்களே."

நான் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் அவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். புகைப்படம் சரியாக விழவில்லை என்றதும் மறுபடி ஒற்றினார். "என்ர கூடப்பொறந்தவராட்டம் இருந்தாருங்க" என்றார். அடுத்த வாரமே, ஆண்டுவிழாவுக்காக, பேனர் எழுதுகிறவரைக் கூட்டிவந்து சுவரில் தன் முகத்தை வரைய வைத்தார். அவ்வளவு பெரிய முகத்துக்கு ஆகாயம் போதவில்லை, யானையும் மறைந்தது. "அப்படியே உசுரோட இருக்குதுங்க சார்" என்று ஆசிரியர்கள் முறைபோட்டுச் சொன்னார்கள். பேனர்காரர் மட்டும் "செவுரு வழுக்குதுங்க" என்று முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்படித் தட்டிய என் கைகள் மேல் எனக்கு இன்னும் மரியாதை வரவில்லை.

யானை அவ்வளவுதான் என்றே நினைத்திருந்தேன். முதல் மழையில் சுவர் ஈரம் வாங்கியதும் தாளாளரின் இடது காது கழன்றது. நீங்கள் தேய்த்து வைத்த வழவழப்பில் எனாமலுக்குப் பிடிமானம் இல்லை. அவருக்கு இது தெரியாது. தெரிய வேண்டுமானால் நூலகத்துக்கு வர வேண்டும்.

இப்போது ஒவ்வொரு நூலக வகுப்பிலும் பிளாஸ்டிக் ஸ்கேலின் முனையால் நானும் ஒரு விரலளவு உரிக்கிறேன். நூலகர் பார்க்கிறார். பார்த்துவிட்டு செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார்.

என் ஜாமெட்ரி பாக்ஸில் அவருடைய இரண்டு காதுகளும் இருக்கின்றன. இன்று முதல் மீசையின் கடைசித் துண்டும். மீசை இருந்த இடத்தில் உங்கள் வாழைத்தார், ஒரு கீறல்கூட இல்லாமல். தும்பிக்கை தெரிய இன்னும் அவருடைய மூக்குதான் தடை. ஸ்கேலைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.