நீ புரட்டிப் பார்க்காத ஒன்று

தோஸ்த்,

இன்று காலை ஷெட்டில் புதுத் தோல் கட்டைப் பிரித்தார்கள். உப்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்தது. கூடவே உன்மேல் கோபமும் வந்தது. ஆம்பூரில் இந்த வாடை அடிக்காத நாள் எது? நான் கோபப்படாத நாள் எது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

என் மூத்த பையன் காய்ச்சலில் போன பிறகு நான் இருந்த நிலை உனக்குத் தெரியும். வீட்டை விட்டு இறங்கினாலே, சாயங்காலம் திரும்பும்போது மகளும் இருக்க மாட்டாள் என்று மனசு அடித்துக்கொள்ளும். தரம் பிரிக்கிற பலகைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஒருநாள் கேட்டாய், "இன்னா மூஞ்சி இது? யாரு செத்தா?" சொன்னேன். சிரிப்பாய் என்று நினைத்தேன். நீயோ கையிலிருந்த தோலை என் முன்னால் வீசினாய்.

"மேல்பக்கம் மட்டும் பாத்து இத கழிச்சிடுவியா? புரட்டிப் பாக்க மாட்ட? நெனப்பையும் அப்டியே புரட்டு. கொழந்தைக்கு இன்னிக்கு காய்ச்சல் கீதா? சாப்ட்டாளா? வெளையாட்றாளா? உள்ள ஒண்ணுமே இல்லன்னா தூக்கிக் கழிசல்ல போடு. மறுபடி வந்தா மறுபடி போடு."

போட்டேன். திரும்பத் திரும்ப வந்தது, திரும்பத் திரும்பப் போட்டேன். மெள்ள மெள்ளத் தூக்கம் வந்தது, சோறு தொண்டையில் இறங்கியது. அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அதனால்தான் கோபம் இவ்வளவு ஜாஸ்தி.

அப்புறம் உன் முன்கையில் அந்தக் கொப்புளம். நடுவில் கரியாய்க் கறுத்து, சுற்றிலும் வீங்கி. பச்சைத் தோல் தொடுகிறவர்களுக்கு வருகிற அந்தக் கட்டி ஆளையே கொண்டுபோய்விடும் என்று நம் இருவருக்கும் தெரியும். "மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா" என்று உன்னைப் பிடித்து இழுத்தேன்.

"வலியே இல்லப்பா. உன் பழைய பேஜாரை என் தலையில கட்டாத. போய்ப் புரட்டிப் பாரு" என்றாய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ கற்றுக்கொடுத்ததை வைத்தே என் வாயை அடைத்துவிட்டாய். வலி இல்லை என்பது மேல்பக்கம் அல்லவா? ஊர்த் தோலையெல்லாம் புரட்டிய மனுஷன் அதை ஏன் புரட்டவில்லை?

சில நாளிலேயே உன் ஜனாஸா ஊர்வலத்தில், "கடைசிவரைக்கும் கவலையே படல, தைரியசாலி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். தைரியமாம், தைரியம்!

போன வாரம் மகள் இருமினாள். பயம் வந்தது. புரட்டினேன். உடம்பு சுட்டது, காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. இதைக் கழிசலில் போட முடியாது என்று அவளைத் தூக்கிக்கொண்டு, நம் ஷெட்டைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வெறும் சளிதான் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். திரும்பும்போது ஷெட் வாசலில் நின்று அழுதேன். மகளுக்காக இல்லை.

நீ போயிருந்தால் பிழைத்திருப்பாயா, தெரியாது. பயம் வந்தால் இன்றும் உன் சொல்படிதான் புரட்டுகிறேன், அதை விட முடியவில்லை. ஆனால் அந்த ஷெட் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி, ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரம்தான், தோஸ்த்.