ஆன் ஆகாத லேப்டாப்பும் அம்மாவின் பொட்டும்

என்னைப் பெத்த மவராசிக்கு,

நீ இருக்கிற எடத்துல கரும்பு வெட்டு இல்லன்னு நம்பிக்கினுதான் இதை எழுதுறேன். இங்க கச்சிராயபாளையத்துல வெட்டு ஆரம்பிச்சிடுச்சி. ரோடு பூரா கரும்புச் சோகை காஞ்ச தோகையாக் கெடக்குது. போன வாரம் உன் வருசத் தெவசமும் முடிஞ்சுது. அன்னிக்கி நம்ம வூட்டுல நடந்த சண்டையை நீ என் வாயால கேக்கணும். உன் மவன் சாமி கும்பிடும்போது வேற மாதிரி சொல்லுவான், நம்பாத.

சண்டை உன் போட்டோவால வந்தது. தெவசத்துக்குச் செவுத்துல மாட்டணும்னு அண்ணன் கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவுல உன் ஆதார் கார்டு போட்டோவைப் பெருசாக்கி, ஃபிரேம் போட்டு எடுத்தாந்தான். ஞாபகம் இருக்குதா அந்த போட்டோ? கரும்பு வெட்டிட்டு நேரா போயி உக்காந்தியே, தலையில தூசியோட, ஒரு கண்ணைப் பாதி மூடிக்கினு. கார்டு வந்த அன்னிக்கி நீ இன்னா சொன்ன? "ஆடு திருடி மாட்டுனவ மாதிரி இருக்கறன். நான் செத்தா இத்த மாட்டித் தொலைச்சிடாதடி." நான் சிரிச்சிக்கினே சரின்னு தலையாட்டினேன்.

கருமாதிக்கு அடிச்ச பேனர்லயும் அந்த மொகம்தான் இருந்தது. அன்னிக்கி எனக்குத் தடுக்கத் தெம்பு இல்ல. இந்த வாட்டி இருந்தது. "இது செவுத்துல ஏறாது"ன்னேன். அண்ணன் ஒரு மாதிரி பாத்தான். "வேற இன்னா போட்டோ இருக்குது? இருந்தா எடுத்தா. தெவசத்துக்குள்ள வரலன்னா இதான், சொல்லிட்டேன்."

அவன் கேட்டதுலயும் தப்பு இல்ல. உனக்கு ஏதும்மா போட்டோ? அப்பா போனதுக்கு அப்புறம் நீ எந்தக் கல்யாணத்துல முன்னால நின்ன? பெத்த புள்ள கல்யாணத்துலயே மணவறைப் பக்கம் வராம, பந்தியில எலை எடுத்துக்கினு இருந்த. வீடியோக்காரன் அந்தப் பக்கம் வந்தா முந்தானையை இழுத்து மூஞ்சை மூடிக்கின. என் போன்ல இருக்கிறதெல்லாம் உன் முதுகுதான்.

ஆனா ஒரே ஒரு போட்டோ இருக்குதுன்னு எனக்குத் தெரியும். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்துல குடுத்தாங்களே, அந்த லேப்டாப்புக்குள்ள.

அன்னிக்கி ஆயுத பூஜை. வெட்டுக் கத்தி, களைக்கொத்து, அதுங்க பக்கத்துலயே லேப்டாப்பு. நான் லேப்டாப்புல இருக்கிற கேமரா வேலை செய்யுதான்னு பாத்துக்கினு இருந்தேன். நீ குனிஞ்சி அதுக்குப் பொட்டு வெச்ச. வெரல்ல மிச்சம் ஒட்டிக்கினு இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பாத்த. "வீணாப் போவுது"ன்னு சொல்லிக்கினே உன் நெத்தியில வெச்சிக்கின. வெச்சிட்டு பல்லு தெரிய ஒரு சிரிப்பு சிரிச்ச பாரு, அப்ப நான் அமுக்கிட்டேன். வாசலுக்குப் போறதுக்குள்ள துடைச்சிட்ட. ஊருல யாரும் பாக்கல.

அந்த லேப்டாப்பைப் பரண் மேலருந்து எறக்கி சார்ஜர் போட்டேன். சார்ஜர்ல லைட்டு எரியுது, லேப்டாப்புல ஒண்ணுமே இல்ல. பிளக்கை மாத்தினேன். பக்கத்து வூட்டுல போயி சொருவிப் பாத்தேன். கல்லைக் கட்டி வெச்சா மாதிரி கெடக்குது.

கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கினு போனேன். மொதக் கடைக்காரன் தொறந்துகூட பாக்கல. "போர்டு போயிருக்கும்க்கா. பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடுங்க"ன்னான். எதைப் போடச் சொல்றான் பாரு. அடுத்த கடையில இருந்தவரு கொஞ்சம் தன்மையாத்தான் பேசினாரு. "விட்டுட்டுப் போம்மா. உள்ள இருக்கிற டிஸ்கைக் கழட்டிப் பாக்குறோம். போட்டோ வந்தா வரும். போச்சின்னா எங்களைக் கேக்கக்கூடாது."

போச்சின்னா கேக்கக்கூடாதா? உன்னை ஆஸ்பத்திரியில சேத்தப்பவும் இதையேதான் சொல்லி என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அப்ப போட்டேன். இந்த வாட்டி போடமாட்டேன்னு லேப்டாப்பைத் திரும்பப் பைக்குள்ள வெச்சிக்கினு பஸ் ஏறிட்டேன். உன் மொகத்தை இன்னொரு வாட்டி யாரு கையிலயும் குடுத்துட்டு வெளிய நிக்க என்னால ஆவாது.

நான் பில்லு போடுற ஜவுளிக்கடைக்கு லீவு சொல்லிட்டு, நடுவூட்டுல பாய் போட்டு உக்காந்தேன். போன்ல வீடியோ பாத்துப் பாத்துச் செஞ்சேன். பின்பக்கம் பேட்டரியைக் கழட்டிட்டு ஆன் பட்டனை ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிக்கணுமாம், உள்ள தேங்கின கரண்டு போறதுக்கு. பிடிச்சேன். சார்ஜரை மட்டும் சொருவிப் பாத்தேன். ம்ஹூம். அந்த வழியாப் போன அண்ணன், "செத்தது எந்திரிக்காது, வுடு"ன்னான். சொல்லிட்டு அவனே மூஞ்சைத் திருப்பிக்கினான்.

"அம்மா எந்திரிக்காது, தெரியும். இது எந்திரிக்கும்"னேன்.

அவன் போனப்புறம் வேற இன்னா பண்றதுன்னு தெரியாம ஒவ்வொரு பட்டனா அமுக்கிக்கினே இருந்தேன். எல்லாம் எறங்கி எறங்கி மேல வருது. ஆன் பட்டன் மட்டும் எறங்கவே இல்ல, கெட்டியா நிக்குது. அப்பதான் கவனிச்சேன். சேலையில இருந்த ஊக்கைக் கழட்டி ஓரத்துல நோண்டினேன். மஞ்சளா ஒரு தூள் உதிர்ந்தது. நோண்ட நோண்ட வருது. மோந்து பாத்தேன். சந்தனம். அதுக்கு அடியில காஞ்சிபோன குங்குமம்.

யம்மா, ஊருல எல்லாரும் மூடி மேல வெப்பாங்க. நீ எங்க வெச்ச? "எதைத் தொட்டா உசுரு வருதோ அதான்டி இதுக்கு நெத்தி"ன்னு சொல்லிட்டு ஆன் பட்டன் மேலயே வெச்ச. நான் புது போன் வாங்கி, இது பரணுக்குப் போனதுக்கு அப்புறமும் நீ விட்டியா? வருசா வருசம் எறக்கி, தொடைச்சி, தண்ணி தெளிச்சி, அதே எடத்துல அதே பொட்டு. எல்லாம் சந்துல எறங்கி இறுகிப் போயி கெடக்குது. போர்டு போச்சாம், போர்டு. உன் பக்தியாலதானே போயிருக்குது அது! சிரிச்சேன், அழுதேன், ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சேன். அடுப்பங்கரையில இருந்து அண்ணி எட்டிப் பாத்துட்டு பயந்துட்டாங்க.

உனக்கு ஊசி போட வாங்கி மிச்சம் இருந்த ஸ்பிரிட்டு பீரோவுல இருந்தது. காது கொடையிற பட்ஸை அதுல நனைச்சி கொஞ்சம் கொஞ்சமாத் தொடைச்சேன். நல்லா காய விட்டேன். அமுக்கினா டிக்குன்னு ஒரு சத்தம். லைட்டு வந்துடுச்சி.

ஆனா பேட்டரியில ஒண்ணும் நிக்கல, சார்ஜர் கரண்டுலதான் ஓடுது. மலைப்பக்கம் வேற இருட்டிக்கினு வந்தது. கல்வராயன்ல மழை எறங்கினா இங்க கரண்டு இருக்குமா, இன்னாம்மா? கும்பிடாத சாமி இல்ல. ஒருவழியா தெரை வந்தது. மூலையில பாத்தா தேதி என்னமோ பழைய வருசத்தைக் காட்டுது. ரொம்ப நாள் கெடந்தா அப்பிடி ஆயிடுமாம். அந்தத் தேதியில நீ உயிரோட இருந்த. அதை இன்னும் நான் மாத்தல, மாத்தவும் மாட்டேன்.

போட்டோவும் இருந்தது. தெரை முழுக்க நீ. மொத வேலையா அதைப் போன்ல ஏத்திக்கினேன், மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போயி பெருசா பிரிண்டு போட்டாந்தேன்.

தெவசத்து அன்னிக்கி பெரியப்பா வந்தாரு. அப்பாவுக்கு அண்ணனாச்சே, மொதல்ல நொட்டை சொல்ற உரிமை அவருக்குத்தானே. போட்டோவைப் பாத்த ஒடனே, "தாலி அறுத்தவளுக்கு நெத்தியில பொட்டு இன்னாத்துக்கு? நாலு பேரு வந்து போற வூடு"ன்னாரு. அண்ணன் நடுவுல மாட்டிக்கினு முழிச்சான். அப்புறம் என்கிட்ட மெதுவா, "ஸ்டுடியோவுல சொன்னா கம்ப்யூட்டர்லயே எடுத்துடுவாங்க செல்வி. மொகம் அப்பிடியே இருக்கும், பொட்டு மட்டும் போயிடும்"னான்.

எனக்கு வந்தது பாரு கோவம். "அது உயிரோட இருந்தப்ப உங்களுக்குப் பயந்துக்கினு தானே துடைச்சிக்கிச்சி. செத்தப்புறமும் துடைக்கணுமா? எங்கம்மா நெத்தி அது. எவனாவது கைய வெச்சிப் பாருங்க." பெரியப்பா முன்னால நான் அப்பிடிப் பேசுனது அதான் மொத தடவை.

அண்ணி உள்ள போயி ஆணியும் சுத்தியும் எடுத்தாந்து என் கையில குடுத்தாங்க. மாட்டிட்டேன். பெரியப்பா சாப்புடாம போறேன்னு துண்டை உதறினாரு. எலையில வடை விழுந்ததும் உக்காந்துட்டாரு.

எல்லாரும் போனதுக்கு அப்புறம் அண்ணன் ரொம்ப நேரம் உன்னையே பாத்துக்கினு நின்னான். "அம்மா இப்பிடிச் சிரிச்சி நான் பாத்ததே இல்லடி"ன்னான். அவன் கொண்டாந்த ஃபிரேம் நல்ல ஃபிரேம்மா, வீணாக்கல. அதுலதான் உன்னைப் போட்டிருக்கேன். ஆடு திருடுனவ பின்னால அட்டையா இருக்குறா.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி வாசலுக்குப் போறதுக்குள்ள துடைச்சியே, அப்ப எப்பிடி இருந்தது உனக்கு? நான் ஒருத்தி பக்கத்துலதானே இருந்தேன்?

வர்ற ஆயுத பூஜைக்கும் லேப்டாப்பை எறக்குவேன். சந்தனம் கொழைப்பேன். இந்த வாட்டி பொட்டு மூடி மேலதான், கோச்சிக்காத. வெரல்ல ஒட்டுற மிச்சத்தை உன் போட்டோவுல, உன் நெத்தியில வெப்பேன். வாசல் கதவை விரியத் தொறந்து வெச்சிட்டுத்தான் வெப்பேன்.

உன் பொட்டை இனிமே யாரையும் துடைக்க விடாத
உன் மவ செல்வி