இடது ஒரு மேஜை, வலது ஒரு மேஜை

ஆம்பூர்
4.8.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

வீட்ல எல்லாரும் சுகம்னு நம்பறேன். நான் சுகமா இல்லை. என் நம்பரை நீ பிளாக் பண்ணிட்டதால, கம்பெனி பஸ்ல குடியாத்தம் வர்ற நம்ம கட்டிங் பொண்ணு இரம் கையில இதைக் கொடுத்தனுப்பறேன்.

வெள்ளிக்கிழமை கட்டிங் செக்‌ஷன்ல நாப்பது பேர் முன்னாடி உன்னைப் பேசினது ஜாஸ்திதான். ஷிப்மென்ட்டைப் பத்து நாள் முன்னாடியே கேட்டாங்க, எனக்குப் பதற்றமாயிடுச்சு. ஒரு ஜோடி ஷூவுக்கு இடதும் வலதும் ஒரே தோல்ல வெட்டணும்னு எனக்குத் தெரியாதா? சீக்கிரம் முடியும்னு இடது ஒரு மேஜை, வலது ஒரு மேஜைன்னு பிரிச்சேன். எண்ணூறு ஜோடியும் ஒரு கால் காபி கலர், ஒரு கால் டீ கலர். முதலாளி வந்து நின்னதும் வாய் தானா உன் பேரைச் சொல்லிடுச்சு. மன்னிச்சிடு. திரும்ப வெட்டணும், நீ வேலையை விட்டுட்டுப் போனதுல கை ஓடலை. பன்னிரண்டு வருஷப் பழக்கம், வந்துடு.

தானிஷ்

குடியாத்தம்
6.8.2025

மேனேஜர் தானிஷ் சாருக்கு,

வாய் தானா சொல்லுமா? அப்படிப் பிரிக்க வேணாம்னு மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவை, "இங்க நான் மேனேஜரா, நீ மேனேஜரா?"ன்னு கேட்டீங்க. நாட்றம்பள்ளியில ஒரு கம்பெனிக்கு சூப்பர்வைசர் வேலை கேட்டுப் போனேன். உட்கார்றதுக்கு முன்னாடியே, எண்ணூறு ஜோடியைக் கெடுத்தது நீங்கதானான்னு கேட்டாங்க. உங்க மன்னிப்பை வெச்சு நான் இன்னா பண்றது, ஃபிரேம் போட்டு மாட்டறதா? நாப்பது பேர் முன்னாடி சொன்னதை அதே நாப்பது பேர் முன்னாடி மாத்திச் சொல்லுங்க.

ஹேமலதா

ஆம்பூர்
9.8.2025

ஹேமா,

முதலாளிகிட்ட தனியா உண்மையைச் சொல்லிட்டேன். லைன்ல ஆளுங்க முன்னாடி போய்ச் சொன்னா நாளைக்கு ஒருத்தனும் மதிக்க மாட்டான், விட்டுடுன்னுட்டார். எனக்கும் அதே பயம்தான். மூணு நாளா கட்டிங் வாசல் வரைக்கும் போறேன், ஏதோ போன் வந்த மாதிரி திரும்பிடறேன். என் வீட்ல சைரா, போய்ச் சொல்லித் தொலைங்கன்னு திட்டறா. உன் வேலையை யாருக்கும் கொடுக்கலை. அதுக்குள்ள வேற எங்கயும் சேர்ந்துடாதே.

தானிஷ்

குடியாத்தம்
14.8.2025

அன்புள்ள தானிஷ்,

நேத்து இரம் வந்து சொன்னா. மெஷினையெல்லாம் நிறுத்தி, முதலாளி நிக்கறப்பவே, "தப்பு என்னோடது. ஹேமலதா தடுத்தாங்க, நான் கேக்கலை"ன்னு சொன்னியாம். அழுதுட்டேன். பாவி, இதுக்கு இத்தனை நாளா?

ஆனா நான் வரலை. நீ சொன்னது அங்கயும் எட்டிடுச்சு போல, நாட்றம்பள்ளியில கூப்பிட்டுட்டாங்க, திங்கக்கிழமை சேர்றேன். உன் மேல இப்ப கோபம் இல்லை. நான் தடுத்தது அந்த நாப்பது பேருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கலை. அவங்க கெட்டவங்க இல்லை. பன்னிரண்டு வருஷமா நீயும் நானும் கத்திக் கத்தியே பயமுறுத்தி வெச்சிருக்கோம். அவங்க நடுவுல போய் இனிமே என்னால நிக்க முடியாது.

இரமும் அன்னைக்கு வாயை மூடிட்டுதான் நின்னா. நேத்து அதைச் சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. என் இடத்துக்கு அவளைப் போடு. கேள்வி ஜாஸ்தி கேப்பா, உனக்குப் பேஜாரா இருக்கும். கத்தாதே.

ஹேமா