எட்டாம் நம்பர் பாட்டு

"வாத்யாரே, இவன் சிரிச்சுகினு பாடறானா, அழுதுகினு பாடறானா?" என்று ஒருமுறை கேட்டாய். ராயபுரத்தில் உன் வீட்டில் அந்த இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு மாலுமி உன் அப்பாவிடம் கொடுத்தது. உறை இல்லை, நடுவில் ஒட்டிய தாளும் கிழிந்திருந்தது. அறுபதுகளின் அமெரிக்க பேண்டு என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. நானும் சரியாகக் கேட்காமல், "காதல் பாட்டுதான், விடு" என்றேன்.

இன்று காலை திருவொற்றியூர் டீக்கடையில் யாரோ ஒருவரின் செல்போனில் அதே பாட்டு. பாதி டீயை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பெயர் கேட்டேன். சொன்னார். இவ்வளவு சின்னப் பெயரா! நம்பரை மட்டும் சொல்லிவிட்டுப் போன உன்மேல்தான் முதலில் கோபம் வந்தது.

நீ ட்ரம்பெட் வாசித்த பேண்டு செட்டில் எந்தப் பாட்டுக்கும் பெயர் கிடையாது. நோட்டில் நம்பர்தான். மாஸ்டர் விரல்களைக் காட்டினால் பாட்டு மாறும். இது எட்டு. சாவு ஊர்வலத்தில் நீ அதைப் பாதி வேகத்தில் ட்ரம்பெட்டில் இழுத்தால் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகும் தெருவே அடங்கிவிடும். "நான் பூட்டா எட்டு வாசிக்கச் சொல்லு, மறந்துடாத" என்றாய்.

மறக்கவில்லை. உங்கள் பேண்டு அதற்குள் கலைந்துவிட்டதால், இரண்டு வருடங்களுக்கு முன் உன் ஊர்வலத்துக்கு வந்தது வேறொரு பேண்டு. "எட்டு" என்றேன். "ஷோக்கா வாசிச்சுடலாம் பெருசு" என்றார் மாஸ்டர். கிளம்பியது ஒரு குத்துப்பாட்டு! உன் மருமகன்கள் விசிலடித்து ஆட ஆரம்பித்தார்கள்.

"இது இல்லப்பா!"

"நீதான நைனா எட்டுன்ன? எங்க நோட்டுல இதான் எட்டு. வேறன்னா பாடிக் காட்டு."

பாடினேன். வாய்ப்பாடு சொல்லியே பழகிய தொண்டை. ட்ரம் அடிப்பவர் சிரித்துவிட்டார். நீ குத்துப்பாட்டோடுதான் போய்ச் சேர்ந்தாய்.

பள்ளி வருகைப் பதிவேட்டில் எட்டாம் எண் இந்த வருடம் ஒரு பையன், அடுத்த வருடம் வேறொருவன். முப்பது வருடம் அந்த எண்களைக் கூப்பிட்ட எனக்கு, நோட்டு மாறினால் எண்ணும் மாறும் என்று தோன்றவில்லையே. இப்போது என்மேலேயே எரிச்சல் அதனால்தான்.

டீக்கடையிலிருந்து நேராக அந்த மாஸ்டரிடம் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "செம டியூனு பெருசு. ஆனா ஆளு பூட்டாரே, இனிமே யாருக்கு வாசிக்கறது? உனுக்கா?" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டு வருடம் தாமதமாகக் கிடைத்த பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைசி ஊர்வலத்தில் ஒரு பாட்டு வேண்டுமென்றால், அதன் பெயரை இன்றே ஒரு தாளில் எழுதி, பாடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.