அரிசிப் பானைக்குள் கிடந்த பம்ப்

செவ்வாய்க்கிழமை, பெண்டாங்

இன்று அக்கா கணவருக்குக் கருமக்கிரியை. ஆஸ்துமாக்காரர். மூச்சுத் திணறும்போது வாயில் வைத்து இழுக்கும் பம்பைத் தொலைத்துவிட்டு நெல்வயலுக்குப் போனவர் வரப்பில் மூச்சடைத்து இறந்தார் என்றுதான் போலீசிடம் அக்கா சொல்லியிருந்தாள்.

வந்தவர்களுக்குச் சமைக்க அரிசிப் பானையில் கையை விட்டேன். அடியில் அந்தப் பம்ப் இருந்தது.

அக்கா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"இதைத் தேடி வீட்டையே புரட்டினாரு. நான் டிவி பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்போ வயல்ல விழலையா?"

"மூச்சு அடங்கினதும் தள்ளுவண்டியில வச்சுக் கொண்டுபோய்ப் போட்டேன்."

"ஏன்க்கா?"

"என் கையை அடுப்புல வச்சாரே, அப்ப பொறுத்துப் போன்னு எல்லாரும் சொன்னீங்க லா. பொறுத்துத்தான் உக்காந்திருந்தேன்."

பிறகு அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.

பந்தியில் அவருடைய அம்மா அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். நான்தான் போட்டேன்.