கன்னத்து மை

12 ஆகஸ்ட் 1998, புதன் இரவு

குழந்தையின் படம் இன்று கைக்கு வந்தது. எடுத்தவுடனே கேமராவிலிருந்து வெளியே வந்துவிடும் படம் அது; நெகட்டிவ் கிடையாது. துபாயிலிருந்து லீவில் வந்த தம்பி எடுத்தான். அடுத்த மாதமே காய்ச்சலில் அவள் போய்விட்டாள். வேறு படம் இல்லை. அதுவும் பழுப்பேறி மங்கிக்கொண்டே வந்ததால், குமணன்சாவடி கம்ப்யூட்டர் கடையில் ஸ்கேன் செய்து சரிபண்ணக் கொடுத்திருந்தோம்.

திரையில் முகம் பளிச்சென்று இருந்தது. கன்னத்தில் நான் வைத்த திருஷ்டிப் பொட்டைக் காணோம்.

"அது பொட்டாக்கா? கறைன்னு நெனச்சி தொட்ச்சிட்டனே," என்றார் கடைக்காரர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மை வைக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதுவரை இழுபட்டுவிட்டது.

"விடு, நல்லாத்தானே இருக்கு. இனிமே யார் கண்ணு படப்போவுது?" என்றார் இவர். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

"வச்சிடுங்க," என்றேன்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்குக்கா கண்ல தண்ணி வுட்டுகினு? தோ, வெச்சாச்சி பாரு."

மௌஸை ஒரு தட்டு தட்டினார். பொட்டு வந்து உட்கார்ந்தது. பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பொட்டு அத்தனை வட்டமாக இருக்கிறது. இப்படி வைக்க அவள் ஒருநாளும் எனக்கு அசையாமல் இருந்ததில்லை. கடைசியாகக் குளிப்பாட்டிக் கிடத்தியபோதுதான் இருந்தாள்.